குறி காட்டும் கோடு

யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் பக்கம் முடிவு என்று ரொமால்ட் சொன்னதும் பிரிஜித்தா சிரித்துவிட்டாள். சிரித்து முடித்த பிறகுதான் அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை என்பது உறைத்தது. ஓமானில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் அவர் தங்கியிருக்கிற அறையின் ஏசி இரைவது மட்டும் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே தூத்துக்குடியில், தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சந்தில் இருக்கிற அவளுடைய கம்ப்யூட்டர் சென்டரில், காலையில் வருமானச் சான்றுக்கும் பட்டா நகலுக்கும் நெருக்கியடித்து நின்ற கூட்டம் போய்விட்டிருந்தது. ஆபீஸ்காரர்கள் சாப்பிட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பினால்தான் இனி சந்துக்குள் ஆள் வரும். அதுவரைக்கும் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் தன் புருசனோடு ஆன்லைனில் பூல் என்கிற பில்லியர்ட்ஸ் ஆட்டம் விளையாடுவாள். அவருக்கும் அது சாப்பாட்டு இடைவேளை. இன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டேதான் சொன்னார், கம்பெனியில் கேட்கிறார்கள் என்று. இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா, இல்லை இந்த மாதத்தோடு ஊருக்குப் போகிறாயா, சாயங்காலத்துக்குள் சொல் என்கிறார்களாம். "நீ என்ன சொல்லுத?" என்றார். "நான் என்னத்தச் சொல்ல, உங்க இஷ்டம்." "என் இஷ்டம் கெடக்கட்டும், உனக்கு எப்படின்னு சொல்லு." "உங்களுக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கும்." இப்படியே இரண்டு பேரும் ஒரு வாசலில் நின்றுகொண்டு நீ முதலில் போ, நீ முதலில் போ என்று வழிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான், தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவர் அதைச் சொன்னார். "சரி, ஆட்டத்துல பாத்துக்கிடுவோம். நீ ஜெயிச்சா நான் வந்துருதேன். நான் ஜெயிச்சா கையெழுத்துப் போட்டுருதேன்."

முதல் அடி அவளுக்கு வந்தது. முக்கோணமாக அடுக்கியிருந்த பந்துகள் உடைந்து பச்சை மேசை முழுக்கச் சிதறி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓய்ந்தன. சிவப்பு ஒன்று மூலைப் பாக்கெட்டில் போய் விழுந்தது. அடுத்த அடியில் மஞ்சளும் போனதும், முழு வண்ணப் பந்துகள் அவளுக்கு, பட்டை போட்டவை அவருக்கு என்றாகிவிட்டது. தன் பந்துகளை எல்லாம் போட்டு முடித்துக் கடைசியில் கறுப்பைப் போடுகிறவருக்கு ஆட்டம். ஸ்டிக்கைத் திருப்பும்போது வெள்ளைப் பந்திலிருந்து ஒரு கோடு கிளம்பும். அது ஆடுகிற எல்லாருக்கும் தெரியும். வெள்ளைப் பந்து எதில் போய் மோதும், மோதப்பட்ட பந்து எந்தப் பக்கம் நகர ஆரம்பிக்கும் என்பதை ஒரு விரற்கடை நீளத்துக்குக் காட்டிவிட்டு நின்றுவிடும். மீதித் தூரத்தை நம் கண்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பிரிஜித்தாவின் திரையில் மட்டும் அது நிற்பதில்லை. மயிரிழை கனத்தில் மஞ்சளாக மேசை ஓரம்வரை ஓடி, அங்கே பட்டுத் திரும்பி, பந்து எங்கே போய் முடியுமோ அதுவரைக்கும் போகும். பாக்கெட்டுக்குள் விழுகிற கோடாக இருந்தால் பச்சையாக மாறிவிடும். பச்சை வந்ததும் விரலை எடுத்துவிட வேண்டியதுதான். பந்து தானாகப் போய் விழும். அது விழுகிற ஓசை அவளுக்குப் பிடிக்கும், மரப்பெட்டிக்குள் நெல்லிக்காய் உருளுகிற மாதிரி. இப்போதும் ஊதாப் பந்தின்மேல் கோடு பச்சையாகத்தான் இருக்கிறது, விரலை எடுக்கத்தான் அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆகிறது, ஏனென்றால் விரலை எடுத்தால் அவர் ஒரு பந்து அளவுக்கு ஊரை நோக்கி நகர்ந்துவிடுவார் என்று ஒரு நினைப்பு வந்து குறுக்கே உட்கார்ந்துவிட்டது.

அந்தக் கோட்டை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவளே தேடி எடுத்ததுதான். அதற்கு முன்னால் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்னால் வெறுமனே பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டியளா, சாப்பிட்டேன், நீ, நானும், என்ன கறி, சாளை, அங்க வெயிலா, வெயில்தான். மகள் ரெனிட்டா நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளைப் பற்றிய செய்தியை அவளே இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறாள், ஆகவே அதிலும் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை. போனை வைக்கவும் மனசு வராது, வைத்திருக்கவும் முடியாது. அப்படி ஒரு நாள்தான் ரொமால்ட் சொன்னார், பூல் ஆடுவோமா, நான் சொல்லித் தாரேன் என்று. கப்பலில் ஃபிட்டராக இருந்த காலத்தில் போகிற துறைமுகத்தில் எல்லாம் மாலுமிகள் மன்றத்தில் அவர் நிஜ மேசையில் ஆடியவர். யாரோ ஒரு பிலிப்பைன்ஸ்காரனைத் தோற்கடித்த கதையைக் கல்யாணமான புதிதில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அவளுக்கோ கேரம்போர்டு தவிர வேறு தெரியாது. பந்தைக் காய் என்றாள், பாக்கெட்டைக் குழி என்றாள். அவர் சிரித்தார், சொல்லிக்கொடுத்தார், பொறுமையாகத்தான் இருந்தார். எப்போதாவது ஒரு ஆட்டம் அவள் ஜெயிப்பாள், அவளே நம்பமாட்டாள். ஆனாலும் நாள் போகப்போக அவர் குரலில் ஒரு கொட்டாவி வந்து குடியேறியது. "இன்னைக்கு வேண்டாம் பிரிஜி, அசதியா இருக்கு." மறுநாளும் அசதி. அதற்கு அடுத்த நாள் போனே வரவில்லை. அன்றைக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து, அந்த ஆட்டத்தை எப்படி நன்றாக ஆடுவது என்று தேடிக்கொண்டே போய், யாரோ முகம் தெரியாத ஒருவன் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டை, பிரவுசரில் ஒட்டிவைக்கிற குட்டி நிரலை, கண்டுபிடித்தாள். அவளுக்கு ஸ்கிரிப்ட் புதிதில்லை. சான்றிதழ் விண்ணப்பங்களில் முகவரியை ஒவ்வொரு தடவையும் அடிக்காமல் தானாக நிரப்ப ஒரு ஸ்கிரிப்டைத்தான் பிரவுசரில் போட்டு வைத்திருந்தாள். அதற்குப் பக்கத்திலேயே இதையும் ஒட்டினாள். பக்கம் மறுபடி திறந்தபோது மேசைமேல் மஞ்சள் கோடுகள் விழுந்திருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஏற்பட்டது குற்ற உணர்ச்சி இல்லை, நிம்மதி. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை மங்கலாகவே தெரிந்து, அதுதான் எல்லாருக்கும் தெரிகிற விதம் என்று நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, முதல் முதலாகக் கண்ணாடி போட்ட அன்று வந்ததே, அந்த மாதிரி.

ஊதா விழுந்தது. அடுத்தது பச்சைப் பந்து, நீளவாட்டில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு. "இது கஷ்டம்டி" என்றார் ரொமால்ட். குரலில் கொட்டாவி இல்லை. அது போய் வெகுநாளாகிவிட்டது. கோடு வந்த பிறகு அவள் ஜெயித்த முதல் ஆட்டத்தில் அவர் சிரித்த சிரிப்பை அவள் மறக்கவில்லை. எங்கிருந்தோ அடியிலிருந்து வந்த சிரிப்பு. "என்னட்டி, யாருகிட்டப் படிச்ச?" என்று கேட்டார். "உங்ககிட்டத்தான்." அன்றைக்கு அதை நிறுத்தியிருக்கலாம். ஒரு ஆட்டம், ஒரு சிரிப்பு, போதும் என்று அழித்திருக்கலாம். ஆனால் மறுநாள் இடைவேளை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போன் வந்தது. அதற்கும் மறுநாள் அவர் தன் அறையில் இருக்கிற ஒரிசாக்காரரைக் கூப்பிட்டு, என் மனைவி ஆடுகிறாள் பார் என்று காட்டினார். அந்த மனிதர் அண்ணி முறை வைத்து இந்தியில் "பாபி, சூப்பர்" என்றது ஹெட்செட்டில் கேட்டது. அப்புறம் எப்படி அழிப்பது? இப்படிக் கோடு வைத்து ஆடுகிறவர்களின் கணக்கை அந்தக் கம்பெனிக்காரன் மூடிவிடுவான் என்று எங்கோ படித்திருந்தாள். சில நாள் அதற்குப் பயப்படுவாள். சில நாள் மூடித்தொலைத்தால் நன்றாக இருக்குமே என்று இருக்கும். அவர் பேசுவது யாரோடு என்பது அவளுக்கே தெரியவில்லை. அவர் போன் வைக்காமல் காத்துக்கிடப்பது அந்தக் கோட்டுக்காகவா, கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற தனக்காகவா? ஊரில் பேக்கரி மாடியில் புதிதாகப் பூல் மேசை போட்டிருக்கிறார்கள் என்று வாய்தவறிச் சொன்னதற்கு, "வந்தவுடனே உன்னக் கூட்டிட்டுப் போறேன், அங்க வச்சு ஒரு கை பாப்போம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேக்கரி வழியாகப் போகும்போதெல்லாம் மாடியை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். நிஜ மேசையில் கோடு விழாது. ஸ்டிக்கைப் பிடிக்கவே தெரியாது அவளுக்கு. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். எவ்வளவு நேரத்தில் புரிந்துகொள்வார்?

ஆக, அவர் வராமல் இருப்பதுதான் தனக்கு வசதி என்று யாராவது சொன்னால் அது பொய் என்று சட்டென்று சொல்ல அவளால் முடியாது. பூல் மேசைக்காக மட்டும் இல்லை. போன தடவை லீவில் வந்திருந்தபோது அடுப்படி அலமாரியில் டப்பாக்களை எல்லாம் பெரிது சிறிது பார்த்து மாற்றி அடுக்கிவிட்டார். உப்பு எங்கே இருக்கிறது என்று அவள் தன் வீட்டில் தானே தேடினாள். கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் ஆதார் கார்டு கொண்டுவந்தீர்களா என்று அவளுக்கு முன்னால் கேட்டார். நல்ல மனிதர், உதவத்தான் செய்தார். ஆனால் ராத்திரி கட்டிலில் பக்கத்தில் ஒரு உடம்பு திரும்பிப் படுக்கும்போது அவள் விழித்துக்கொண்டாள், விழித்துக்கொண்டு, இவர் யார் என்று ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணம் அவளுக்கு இன்னும் பயமாக இருக்கிறது. போனில் பேசாமல் இருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இணைப்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரே அறையில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் எதைக் குறை சொல்வது? அவரை ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்று டப்பாக்களை மறுபடி பழைய இடத்தில் வைத்தாள். வைத்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. ஏன் வந்தது என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. டப்பாவை மாற்றி வைப்பதற்கு யாரும் இல்லையே என்றா, இனி மாற்றி வைக்கமாட்டார்கள் என்ற ஆறுதலா. இரண்டுமே அழுகைக்குக் காரணமாக இருக்க முடியுமா என்ன.

பச்சைப் பந்து பாக்கெட் முனையில் முட்டி வெளியே வந்துவிட்டது. கோடு சரியாகத்தான் காட்டியது. யோசனையில் விரலை ஒரு பக்கமாக இழுத்தபடி எடுத்துவிட்டிருக்கிறாள். "போச்சா" என்றார் அவர். "போச்சு." அவர் முறை.

அவர் முறையின்போது அவள் திரையைப் பார்ப்பதே இல்லை. அந்த நேரத்தில்தான் பிரிண்டருக்குப் பேப்பர் வைப்பாள், தண்ணீர் குடிப்பாள், காலையில் விட்டுப்போன ஒரு விண்ணப்பத்தைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் முடிப்பாள். பந்து விழுகிற ஓசையை வைத்தே கணக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு மட்டும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் அங்கே ஸ்டிக்கைத் திருப்புவது இங்கே அவள் திரையிலும் அப்படியே திரும்பும். திரும்பியபோது கோடும் கிளம்பியது. மஞ்சள் கோடு. அவருடைய அடிக்கும் அது தன் பாட்டுக்கு நீளுகிறது. இத்தனை நாளும் நீண்டுகொண்டுதான் இருந்திருக்க வேண்டும், அவள்தான் பார்த்ததில்லை. பட்டை போட்ட நீலத்தை நோக்கி அவர் கோடு மெதுவாக நகர்ந்து, மூலைப் பாக்கெட்டில் போய் விழுந்து, பச்சையானது. டொக். அடுத்து பட்டைச் சிவப்பு, பச்சை, டொக். அடுத்து பட்டை ஆரஞ்சு. அடேயப்பா என்று இருந்தது அவளுக்கு. தனக்கு ஸ்கிரிப்ட் காட்டுகிறதை இவர் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னொன்றும் போனது. வெல்டிங் புகையில் எரிகிற கண். ராத்திரி உருளைக்கிழங்கைத் துருவி வைத்துக்கட்டுகிறேன் என்று சொல்கிற அந்தக் கண். நாலைந்து அடியில் இவர் ஆட்டத்தை முடித்துவிடுவார், கையெழுத்துப் போட்டுவிடுவார், சரி, அதுவும் நல்லதுதான், அவள் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. பட்டை ஊதா நடுப் பாக்கெட்டின் வாசலிலேயே நிற்கிறது, குழந்தைகூடப் போட்டுவிடும். கோடு போய்ப் பாக்கெட்டின் நட்டநடுவில் நின்றது. பச்சை. நின்றுகொண்டே இருந்தது. பிறகு ஒரு நகத்துண்டு அளவுக்குத் தள்ளிப்போய் மஞ்சளானது. அவர் அடித்துவிட்டார். பந்து ஓரத்தில் பட்டு விலகிப்போனது.

"அடடா" என்றார் ரொமால்ட்.

விரல் வழுக்கியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். வெல்டிங் கை, தொட்டால் திரைக்கே உறைக்காத காய்ப்புக் காய்த்த கை. தன் முறைக்கு நீலத்தையும் ஆரஞ்சையும் போட்டாள். மூன்றாவது அடிக்கு வழி இல்லாமல் வெள்ளைப் பந்து ஒரு மூலையில் போய் மாட்டிக்கொள்ள, மறுபடி அவர் முறை வந்தது. இந்தத் தடவை திரைக்கு நன்றாக முகத்தைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். அதே பட்டை ஊதா. கோடு நேராகப் போனது, பச்சையானது, நின்றது. அவர் நேரத்தைக் காட்டுகிற வட்டம் கால்வாசி தேய்கிற வரைக்கும் அப்படியே நின்றது. அசையவே இல்லை. வழுக்குகிற விரல் அப்படி நிற்காது. பிறகு அது, யாரோ தூங்குகிறவர்களுடைய கையைத் தன் மேலிருந்து எடுத்து வைக்கிற மாதிரி, மெதுவாகப் பாக்கெட்டை விட்டு விலகியது. மஞ்சள். அடி. "அடடா."

அந்த அடடாவை அவளுக்குத் தெரியும். கோடு வருவதற்கு முன்னால், காய் என்றும் குழி என்றும் சொல்லிக்கொண்டு அவள் எப்போதாவது ஜெயித்த நாட்களில் எல்லாம் அது இருந்தது. அதே இடத்தில், அதே இழுப்போடு. அப்படியானால் அப்போதும் இப்படித்தானா. அந்த ஆட்டங்கள் எல்லாம் அவர் நகத்துண்டு நகத்துண்டாகக் கொடுத்தவைதானா. இருக்காது. இருக்கும். அன்றைக்கு அவள் திரையில் கோடு இல்லை, பார்க்கவும் இல்லை, இனிமேல் அதைப் போய்ப் பார்க்கவும் முடியாது. இது ஒன்று தெரிகிறது: இன்றைக்கு அவர் தோற்கப் பார்க்கிறார். அவள் ஜெயித்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தோற்கப் பார்க்கிறார் என்றால், வரப் பார்க்கிறார். வரணும் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் என்ன? ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். உங்க இஷ்டம் என்று சொன்னது யார்? உங்களுக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கும் என்று சொன்னது? ஒருவேளை போன லீவில் டப்பாவைத் தேடியபோது அவள் முகத்தைப் பார்த்திருப்பார். ராத்திரி விழித்துக்கொண்டு அவள் பார்த்த பார்வையைக்கூடப் பார்த்திருக்கலாம். தூங்குகிறவர் தூங்குகிறார் என்று யார் கண்டது. தான் வருவது இவளுக்குப் பாரமோ என்று அந்த மனிதருக்கும் ஒரு பயம் இருந்தால்? அவருடைய பயத்தைத் திருட்டுத்தனமாக எட்டிப்பார்த்துவிட்டது போல அவளுக்குக் காது சுட்டது. கதவைத் தட்டாமல் ஒரு அறைக்குள் போய்விட்டாள். உள்ளே அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

"உன் முறைதான்" என்றார் ரொமால்ட். "ம்" என்றாள். பச்சைப் பந்தைப் போட்டாள். அரக்கு நிறப் பந்தையும் போட்டாள். இனி கறுப்பு மட்டும். அது மூலைப் பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஸ்டிக்கைத் தொட்டதுமே கோடு பச்சையாகிவிட்டது, அவளைக் கேட்காமலே. விரலை எடுத்தால் முடிந்தது. அவர் வந்துவிடுவார். சாயங்காலம் ஆபீசில் போய், இல்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவார். எதனால் என்று கேட்டால், என் மனைவி ஆட்டத்தில் ஜெயித்துவிட்டாள் என்பார். பிறகு ஒருநாள் வீட்டில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, நீங்களா வரலை, நானா கூப்பிடலை, ஒரு பந்து விழுந்தது, அவ்வளவுதான் என்று இரண்டு பேருக்கும் தோன்றும். ஏதாவது சண்டை வந்தால் அதைச் சொல்லியும் காட்டலாம். அவளுக்குத் தோள் வலித்தது. விரல் மவுசின்மேல் இருந்தது. அவள் படத்தைச் சுற்றியிருந்த நேர வட்டம் தேய ஆரம்பித்தது. பாதியானது. வெளியே சந்து முனையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடியே திரும்பியது. வட்டம் சிவப்பானது. கோடு பச்சையாக நின்றுகொண்டே இருந்தது. நேரம் முடிந்ததற்கு மணி அடித்து, ஆட்டம் அவரிடம் போனது.

அந்தப் பக்கம் ஏசி இரைந்தது.

"என்ன, நெட் போச்சா?"

"இல்ல. இருக்கு."

"அப்ப ஏன் அடிக்கல? வாசல்லதான நின்னுச்சு."

"என்னங்க."

"சொல்லு."

"உங்களுக்கு வரணுமா?"

நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. அறையில் இருந்த ஒரிசாக்காரரிடம் ஏதோ இந்தியில் சொன்னார். கதவு திறந்து மூடியது. அவரை வெளியே அனுப்பியிருக்கிறார் என்று புரிந்தது. பிறகு வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வரணும் பிரிஜி" என்றார். "இங்க முடியல. உடம்புக்கு ஒண்ணுமில்ல, அது நல்லாத்தான் இருக்கு. காலைல எந்திரிச்சா இன்னைக்கு எதுக்குன்னு இருக்கு. ஆனா போன தடவ வந்தப்ப உனக்கு எடஞ்சலா இருந்தேனோன்னு ஒரு நெனப்பு. நீயும் ஒண்ணும் சொல்லல."

"எடஞ்சலாத்தான் இருந்துச்சு" என்றாள். இப்படிச் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை. ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது; அது போய் விழுந்த இடத்தில் ஒன்றும் உடையவில்லை. "டப்பாவெல்லாம் மாத்தி வச்சிட்டிய. உப்பு எங்க இருக்குன்னு தெரியல. போன பிறகு எடுத்துப் பழையபடி வச்சேன். வச்சிட்டு அழுதேன்."

"எதுக்கு?"

"தெரியல. நீங்க வாங்க. வந்துருங்க. நான் கேக்கேன்."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஜலதோஷம் பிடித்த மாதிரி. "சரி" என்றார். இரண்டு வருசம் சம்பந்தப்பட்ட ஒரு காரியம் அவ்வளவு சின்ன வார்த்தையில் முடிந்துபோனது. தனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க அவள் இப்போது மெனக்கெடவில்லை.

"அப்ப ஆட்டம்?" என்றார்.

"உங்க முறைதான். ஆடுங்க. ஒழுங்கா ஆடுங்க."

அந்த 'ஒழுங்கா'வில் அவர் நின்றுவிட்டார். "தெரிஞ்சிருச்சா?" என்றார்.

"தெரிஞ்சிது."

"எப்படி?"

"வந்த பிறகு சொல்லுதேன்." பிறகு அதைக் கேட்காமல் விட அவளால் முடியவில்லை. "முன்னாலயும் இப்படித்தானா? நான் ஜெயிச்சதெல்லாம்?"

"ஆரம்பத்துல கொஞ்சம். நீ பாவமா ஆடுவ. அப்புறம் நீதான் பழகிட்டியே, அதுக்குத் தேவையே இல்லாமப் போச்சு. எத்தன நாள் நெசமாவே திணறியிருக்கேன் தெரியுமா." பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமை ஒரு சின்ன முள்ளாக அவள் உள்ளங்கையில் ஏறியது.

அந்த ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தை அழுத்தினால் கோடுகள் மறைந்துவிடும். யாராவது கடைக்குள் திடுமென்று வந்துவிட்டால் என்று அவள் அதைத் தெரிந்துவைத்திருந்தாள். இப்போது அழுத்தினாள். மேசைமேல் மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. அவர் ஸ்டிக் திரும்பியது, எதை நோக்கித் திரும்புகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடித்தார். பட்டை ஊதா போனது, வெள்ளைப் பந்து பின்னால் உருண்டு வந்து, வரச்சொன்ன மாதிரி அடுத்த பந்துக்கு எதிரே நின்றது. அடுத்ததும் போனது. அதற்கு அடுத்தது பாக்கெட்டுக்கு நேரே இல்லை. வெள்ளைப் பந்தை அவர் மேசையின் எதிர் ஓரத்தில் மோதவிட்டு வேறு பக்கமாக வரவழைத்துத் தட்டினார். இப்படி ஒரு அடி இருக்கிறது என்று அவளுக்குக் கோடு ஒருநாளும் காட்டியதில்லை, ஏனென்றால் அவள் அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் திருப்பியதே இல்லை. அவர் அடடா சொல்லவில்லை, மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் அந்தப் பிலிப்பைன்ஸ்காரன் கதையைக் கேட்டுக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். கூட்டவே இல்லை. குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். கறுப்பு வந்தது. அதை நீளவாட்டில் அனுப்பினார். அவசரமில்லாமல், வெறும் பச்சைத்துணிமேல், அது போய்க்கொண்டே இருந்தது, நின்றுவிடும் என்று அவள் நினைத்த இடத்தைத் தாண்டியும் போய் விளிம்பில் தயங்கி விழுந்தது.

"தோத்துட்ட" என்றார்.

"தோத்துட்டேன்."

"ஆபீசுக்குப் போய்ச் சொல்லிட்டு வாரேன். வச்சிரட்டா?"

"வையுங்க. நாளைக்கும் ஆடணும், லைன்ல வந்துருங்க."

அவர் சிரித்தார். போன் போனது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு அம்மா நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. பிரிஜித்தா கை காட்டிவிட்டு, பிரவுசரில் அந்த ஸ்கிரிப்ட் இருக்கிற பக்கத்துக்குப் போனாள். முகவரி நிரப்புவதை விட்டுவிட்டு மற்றதை அழித்தாள். நிச்சயமாகத்தானா என்று அது ஒருமுறை கேட்டது. ஆமாம் என்று தட்டினாள். நாளைக்கு அவள் கண்டபடி ஆடுவாள். கையெட்டும் தூரத்தில் இருக்கிற காயைக்கூடக் குழியில் போடமாட்டாள். என்னட்டி ஆச்சு உனக்கு என்று அவர் கேட்பார். அப்போது சொல்லிவிடலாம். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"வாங்கம்மா, என்ன வேணும்?" என்று கேட்டாள்.